நகரப் பேருந்துகளில் நெரிசலும் பயணியர் நடத்தையும்

நாட்டின் நகரங்களில் வாழும் உழைப்பாளர், மாணவர், அலுவலர் ஆகியோருள் பெரும்பகுதியினருக்குப் பேருந்து அன்றாட வாழ்வின் இன்றியமையாத சாதனமாகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற பணிகளில் ஈடுபட்டோர் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்பது கேட்டறியப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் பேருந்தில் செல்வதாகத் தெரிவித்தனர். காரில் செல்வோர் 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சாலையின் பரப்பில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது கார். அச்சாலையில் பெருந்தொகையான மக்களைச் சுமந்து செல்வது பேருந்து. இந்த முரண்பாடு பலமுறை பேசப்பட்டுவிட்டது. பேருந்துக்குள் மக்கள் எந்த நிலையில் பயணம் செய்கின்றனர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பேசப்படும்போதும் பேச்சு ஒரே தடத்தில் செல்வது வழக்கம். பயணிகளுக்கு ஒழுங்கில்லை, இறங்குபவர்களுக்கு வழிவிடாமல் முண்டியடித்து ஏறுகின்றனர், படிக்கட்டில் தொங்குகின்றனர், சில்லறை தருவதில்லை என்று போக்குவரத்துக் கழகங்கள் கூறுகின்றன. நடத்துநர் கடுஞ்சொல் பேசுகிறார், ஓட்டுநர் நிறுத்தத்தில் நிறுத்துவதில்லை என்று பயணிகள் கூறுகின்றனர். இரு தரப்பும் பேருந்துக்குள் நடப்பதை மட்டுமே காண்கின்றன. நெரிசலுக்கும் தகாத நடத்தைக்குமான காரணங்களில் பெரும்பாலானவை பேருந்துக்கு வெளியே உள்ளன. அட்டவணையிலும், வண்டியின் அமைப்பிலும், பணியாளருக்கு ஊதியம் கணக்கிடப்படும் முறையிலும் அவற்றைத் தேட வேண்டும்.

மும்பையின் வரிசை

மும்பைக்குப் புதிதாகச் செல்லும் பிற நகரத்தார் வியப்புடன் குறிப்பிடும் செய்தி ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்தில் மக்கள் வரிசையாக நிற்கின்றனர். வண்டி வந்ததும் வரிசை நகர்கிறது. இடையில் புகுபவரை நடத்துநர் தடுப்பதற்கு முன்பே வரிசையில் நிற்போர் தடுத்துவிடுகின்றனர். இதனை மும்பை மக்களின் பண்பாடு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே மக்கள் மாலை நேரத்தில் புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறும் காட்சியைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லத் தயங்குவர். ஒரே மனிதர் நிறுத்தத்தில் ஒருவராகவும் ரயில் நடைமேடையில் வேறொருவராகவும் இருப்பதற்குக் காரணம் அவருடைய பண்பாக இருக்க முடியாது.

மும்பையில் பேருந்துப் போக்குவரத்து 1926 ஜூலை 15-இல் தொடங்கியது. டிராம் வண்டிகளை நடத்திவந்த தனியார் நிறுவனமே பேருந்துகளையும் விட்டது. 1947-இல் அந்நிறுவனம் நகராட்சியின் உடைமையாயிற்று. ‘பெஸ்ட்’ எனப்படும் அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாக நாட்டின் நகரப் பேருந்துச் சேவைகளுக்கு முன்மாதிரியாகக் கருதப்பட்டது. அதன் சாதாரணப் பேருந்துகளில் பின்வாயில் ஏறுவதற்கு, முன்வாயில் இறங்குவதற்கு என்றிருந்தது. நடத்துநர் மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்க வேண்டும், இருமுறை இழுத்தால் புறப்பட வேண்டும். மணியடிக்கும் முன் வண்டி நகர்வதில்லை. இவை சிறு விதிகளாகத் தோன்றலாம். ஆயினும் ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவரோடொருவர் மோதாதிருப்பதும், கடைசியில் ஏறுபவர் படியில் கால்வைத்த பின்னரே சக்கரம் உருள்வதும் இவ்விதிகளால்தான் இயன்றன. வண்டி குறித்த இடத்தில் நிற்கும், வரிசையின் தலைப்பக்கத்தில் வாயில் வரும், இதில் இடமில்லையெனில் அடுத்தது விரைவில் வரும் என்ற மூன்று உறுதிகள் இருந்தால் வரிசையில் நிற்பது பயணிக்கே ஆதாயம். அவற்றுள் ஒன்று தவறினாலும் முதலில் ஓடுபவனுக்கே இடம் கிடைக்கும்; மற்றவர்களும் ஓடியே ஆக வேண்டும்.

வண்டி நிறுத்தத்துக்கு இருபது அடி முன்னரோ பின்னரோ, நடுச்சாலையில், ஒரு கார் அல்லது ஆட்டோவுக்கு வெளிப்புறமாக நிற்கும் நகரங்களில் வரிசை உருவாவதேயில்லை என்பதை எவரும் காணலாம். அங்கே ஒழுக்கம் பற்றிய அறிவிப்புப் பலகைகளுக்கு மட்டும் குறைவில்லை.

சராசரி மறைக்கும் உண்மை

நெரிசலுக்குக் காரணம் பேருந்துகளின் பற்றாக்குறை என்பதில் ஐயமில்லை. நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குப் பொறுப்பான மைய அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட சேவை அளவுகோல்களின்படி, ஆயிரம் மக்களுக்கு 0.6 பேருந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் அது முதல் நிலைச் சேவை, 0.2-க்குக் கீழே இருந்தால் அது கடைநிலை. ஓர் இருக்கைக்கு ஒன்றரைப் பயணி வரை முதல் நிலை; இரண்டரைக்கு மேல் கடைநிலை. நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் 4 நிமிடத்துக்கு உட்பட்டால் முதல் நிலை. 10 நிமிடத்தைத் தாண்டினால் கடைநிலை. இந்த அளவுகோலில் கடைசிப் படியில் நிற்கும் நகரங்கள் பல. மைய அரசு 2009-க்குப் பின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழும், 2023 ஆகஸ்டில் ஒப்புதலளித்த 10,000 மின் பேருந்துத் திட்டத்தின் கீழும் இக்குறையைப் போக்க நிதியுதவி அளித்துள்ளது.

ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் நெரிசல் தீராத தடங்கள் உண்டு. இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு ஒருவர் வீதம் பயணிகள் வருவதாகவும், 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என அட்டவணை இருப்பதாகவும் கொள்க. வண்டிகள் ஒழுங்காக வந்தால் ஒவ்வொன்றிலும் 12 பேர் ஏறுவர். ஒருவர் காத்திருக்கும் நேரம் சராசரியாக 6 நிமிடம். இனி ஒரு வண்டி 22 நிமிட இடைவெளிக்குப் பின்னும், அதற்கடுத்தது 2 நிமிடத்திலும் வருவதாகக் கொள்க. 24 நிமிடத்தில் இரு வண்டிகள் என்ற கணக்கு மாறவில்லை. ஆயின் முதல் வண்டியில் 22 பேர் ஏறுகின்றனர். இரண்டாவதில் 2 பேர். காத்திருக்கும் சராசரி நேரம் 10 நிமிடத்தைக் கடந்துவிடுகிறது. பணிமனைப் பதிவேட்டில் ‘வண்டிக்குச் சராசரி 12 பயணியர்’ என்றே எழுதப்படும். 24 பயணிகளுள் 22 பேர் அனுபவித்த நெரிசல் அந்தச் சராசரியில் மறைந்துவிடுகிறது.

இத்தகைய ஏற்றத்தாழ்வு தற்செயலாக நேர்வதன்று. அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஏதோ ஒரு சாலைச் சந்திப்பில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட இருவர் கூடுதலாகக் காத்திருப்பர். அவர்கள் ஏறச் சில விநாடிகள் கூடுதலாகும். தாமதம் மேலும் நீளும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் மேலும் பெருகும். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்றுவதற்கு ஆளில்லை. அது விரைந்து வந்து முன்வண்டியை நெருங்கிவிடும. இறுதியில் ஒன்று பிதுங்கி வழிய, மற்றொன்று வெறுமையாக, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் காட்சி எல்லா நகரத்தாருக்கும் பழக்கமானதே. தடத்தின் இடையே ஓரிரு இடங்களில் நேரக் காப்பாளரை நிறுத்தி, முந்தி வந்த வண்டியைச் சில நிமிடம் தடுத்துவைப்பது பழைய முறை. வண்டியின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழி அறியும் கருவி பொருத்தப்பட்ட பின் இதனைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே செய்யலாம். கருவியை வாங்கிய கழகங்கள் பல. அதனை இப்பணிக்கு ஒழுங்காகப் பயன்படுத்துபவை சிலவே.

பின்னால் காலியாக வண்டி வரும்போது முன்வண்டியில் ஏன் முண்டியடிக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. காலி வண்டி வருகிறது என்பது நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கில்லை. முன் அனுபவம் அவருக்குக் கற்பித்தது அதுவே. நிறுத்தத்தில் வருகை நேரம் காட்டும் பலகையும் கைப்பேசியில் வண்டியின் இருப்பிடம் காட்டும் செயலியும் வெறும் வசதிகளாகக் கருதப்படுகின்றன. சொன்ன நேரத்துக்கு வண்டி வருமாயின், முதல் வண்டியை விட்டுவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்கும் பொறுமையை இவை பயணிக்குத் தருகின்றன. சொன்ன நேரத்துக்கு வராவிடில் பலகை இல்லாதிருப்பதே மேல்.

படிக்கட்டில் நிற்பவர்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 123-ஆம் பிரிவு படிக்கட்டிலும் கூரையிலும் பயணம் செய்வதைத் தடைசெய்கிறது. அவ்வாறு செல்ல அனுமதிக்கும் ஓட்டுநரும் பொறுப்பாளரும் அப்பிரிவின்படி குற்றம் புரிந்தவராவர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 194-ஏ பிரிவு, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. கூடுதல் பயணிகளை இறக்கி அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை அவ்வண்டி நகரக்கூடாது என்றும் கூறுகிறது. காலை ஒன்பது மணிக்கு ஒரு நகரப் பேருந்தில் இப்பிரிவைச் செயற்படுத்த முனைந்தால் நேர்வது என்ன? மாற்று வண்டி இருந்திருப்பின் கூடுதல் பயணிகளே இருந்திருக்க மாட்டார்கள்.

படிக்கட்டுப் பயணத்தின் ஆபத்து எத்தகையது என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. பேருந்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. ஓட்டுநர் தம் கண்ணளவில் வைத்திருப்பது இந்த அகலமே. இடப்புற வாயிலில் இருவர் வெளியே சாய்ந்து தொங்கும்போது வண்டியின் உண்மையான அகலம் அரை மீட்டர் அளவுக்குக் கூடிவிடுகிறது. மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் நின்றிருக்கும் லாரிக்கும் இடைவெளி விடும்போது ஓட்டுநர் இந்த அரை மீட்டரைக் கணக்கில் கொள்வதில்லை. அதற்கும் மேலாக, தொங்குபவரின் உடலே இடப்புறக் கண்ணாடியை மறைத்துவிடுகிறது. தம்மை நம்பித் தொங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதை ஓட்டுநர் காண வழியில்லை. இரு அச்சுகளுக்கும் இடையே வாயில் அமைந்த வண்டியில், விழுபவரை எதிர்கொள்வது பின்சக்கரம். சென்னையில் 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில் படிக்கட்டில் நின்று சென்ற மாணவர் நால்வர், பேருந்து ஒரு லாரியை உரசிச் சென்றபோது உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வாயிலுக்குக் கதவு பொருத்துவது பற்றிய கேள்வி அப்போது வலுவாக எழுந்தது.

படிக்கட்டு நிறைந்து வழியும் அதே வேளையில் வண்டியின் நடுப்பகுதியில் நாலைந்து பேருக்கு இடமிருப்பதை நடத்துநர்கள் அறிவர். ‘உள்ளே போங்கள்’ என்று அவர்கள் ஓயாமல் கூறுவது அதனால்தான். பயணி ஏன் உள்ளே செல்வதில்லை? மூன்றாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர் நடுவே சென்றுவிட்டால், வண்டி நிற்கும் அரை நிமிடத்துக்குள் கூட்டத்தைப் பிளந்து வாயிலுக்கு வர முடியுமா என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. பழைய பேருந்துகள் பெரும்பாலும் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. அவற்றின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்தது. செங்குத்தான படிகள், குறுகிய வாயில், நடைபாதையில் கியர்ப் பெட்டியின் மேடு ஆகியவற்றுடன் முதியவரோ குழந்தையை இடுப்பில் வைத்த தாயோ இறங்குவதற்கு ஆகும் நேரத்தை எந்த அட்டவணையும் கணக்கிடவில்லை. மைய அரசு 2008-இலும் பின்னர் 2013-இலும் வெளியிட்ட நகரப் பேருந்துத் தர வரையறைகள் 400 மில்லிமீட்டர் உயரமுள்ள தாழ்தளத்தையும் அகன்ற வாயில்களையும் தானே மூடும் கதவுகளையும் அறிமுகப்படுத்தின. தாழ்தள வண்டி விலையுயர்ந்த ஆடம்பரம் என்று அப்போது சிலர் வாதிட்டனர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது மிச்சப்படுத்தும் விநாடிகளை ஒரு நாளின் நடைகளால் பெருக்கிப் பார்த்தவர்கள் அவ்வாறு வாதிடவில்லை.

அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ஜன்மார்க்’ சேவை இவ்வகையில் கருதத்தக்கது. சாலையின் நடுவே தனித்தடம், நிலையத்திலேயே பயணச்சீட்டு, நடைமேடையும் வண்டித் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டம். ஏறுவதும் இறங்குவதும் மெட்ரோ ரயிலில் போன்றே நிகழ்கின்றன; படிக்கட்டே இல்லாத இடத்தில் படிக்கட்டுப் பயணமும் இல்லை. தில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை அமைக்கப்பட்ட 5.8 கிலோமீட்டர் தனித்தடம், கார் வைத்திருப்போரின் கடும் எதிர்ப்புக்கு ஆளாகிப் பின்னர் அகற்றப்பட்டது. இரண்டின் வடிவமைப்பிலும் வேறுபாடுகள் இருந்தன என்பது உண்மையே. எனினும் தில்லியில் தனித்தடம் தோற்றதற்கு வடிவமைப்பு மட்டும் காரணம் என்று கொள்வதற்கில்லை.

எல்லாப் படிக்கட்டுப் பயணமும் கட்டாயத்தால் நிகழ்வதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே இடமிருந்தும் ஓடும் வண்டியில் தாவி ஏறுவதையும் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்குவதையும் வீரமாகக் கருதும் இளைஞர்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். இவர்களுக்குக் கதவைத் தவிர வேறு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

வசூலும் வேகமும்

பணியாளருக்கு ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது பயணியின் உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதைத் தில்லி நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1992-இல் அங்கே தனியாருக்கு நகரப் பேருந்து உரிமங்கள் வழங்கப்பட்டன. ‘ரெட்லைன்’ என்றும் பின்னர் ‘ப்ளூலைன்’ என்றும் அழைக்கப்பட்ட இவ்வண்டிகளுக்கு உரிமையாளர்கள் பலர். பெரும்பாலும் ஒருவருக்கு ஓரிரு வண்டிகளே. ஓட்டுநரும் நடத்துநரும் உரிமையாளருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு எனத் தொகை கொடுத்துவிட வேண்டும். எஞ்சிய வசூல் அவர்களுடையது. இம்முறையில் நிறுத்தத்தில் நிற்கும் ஒவ்வொரு பயணியும் அடுத்த வண்டிக்காரர் கவர்ந்துகொள்ளக்கூடிய வருமானம். ஆகவே கூட்டமுள்ள நிறுத்தத்தில் வண்டி நிறையும் வரை நிற்பதும், பின்னர் முன்வண்டியை முந்துவதற்காக விரைவதும், ஏறுபவர் ஏறி முடிக்கும் முன் புறப்படுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. 2007-ஆம் ஆண்டில் மட்டும் நூறு பேருக்கு மேல் இவ்வண்டிகளால் உயிரிழந்தனர். நீதிமன்றம் தலையிட்டது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ப்ளூலைன் வண்டிகள் படிப்படியாக அகற்றப்பட்டன.

கொல்கத்தாவின் தனியார் பேருந்துகளிலும் மினி பேருந்துகளிலும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வசூலில் ஒரு பங்கு என்ற முறை நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. ஒரே தடத்தில் செல்லும் இரு வண்டிகள் பந்தயம் ஓடுவதற்கு வங்க மொழியில் தனிச்சொல்லே வழக்கில் உண்டு.

ப்ளூலைனுக்குப் பதிலாகத் தில்லியில் 2011 முதல் தொகுப்பு முறை வந்தது. ஒரு பகுதியின் தடங்கள் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என அந்நிறுவனத்துக்குத் தொகை. கட்டண வசூல் அரசுக்கு. மும்பை உள்ளிட்ட பல நகரங்களும் இவ்வகை ஒப்பந்தத்துக்கு மாறியுள்ளன. பந்தயம் இதனால் ஓய்ந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் தனக்குரிய குறையைத் தன்னோடு கொண்டுவருகிறது. கிலோமீட்டருக்குப் பணம் என்றால், நிறுத்தத்தில் நின்று ஒரு முதியவர் ஏறும் வரை காத்திருப்பதால் நிறுவனத்துக்கு எவ்வித ஆதாயமும் இல்லை. நிறுத்தத்தைத் தாண்டிச் செல்வது, குறைந்த ஊதியத்துக்குப் போதிய பயிற்சியற்ற ஓட்டுநர்களை அமர்த்துவது ஆகியன பற்றிப் புகார்கள் எழுகின்றன. மும்பையின் குர்லாவில் 2024 டிசம்பரில் ஒப்பந்த முறையில் இயங்கிய மின் பேருந்து ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து பலரைப் பலிகொண்டபோது, புதுவகை வண்டிகளுக்கு ஓட்டுநர் எவ்வளவு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற வினா நாடெங்கும் எழுந்தது. ஒப்பந்தத்தில் நிறுத்தங்களைத் தவறவிடுவதற்கும் திடீர்த் தடைபோடுதலுக்கும் அபராதம் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதனைக் கணக்கிட்டுப் பிடித்தம் செய்யும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் வேலை என வரையறுத்திருந்தது. நெரிசலான சாலையில் அட்டவணை நேரத்துக்குள் நடைகளை முடிக்க இயலாத ஓட்டுநர், உணவு இடைவேளையை இழந்தே ஈடுசெய்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு நடத்துநர் வாயில் வரும் கடுஞ்சொல்லுக்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக அச்சொல் பொறுக்கத்தக்கது என்று ஆகாது.

பெண் பயணியர்

நெரிசல் எல்லாரையும் ஒரே அளவில் துன்புறுத்துவதில்லை. ஆண் பயணிக்கு அது வியர்வையும் தாமதமும். பெண் பயணிக்கு அது நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டிய அவமதிப்பாகவும் அமைந்துவிடுகிறது. கூட்டத்தைச் சாக்காகக் கொண்டு உரசுபவர், ‘கூட்டம் இடிக்கிறது, நான் என்ன செய்ய’ என்று கூறித் தப்புகிறார். மேலே கூறிய காரணங்கள் எவையும் இந்த நடத்தைக்குப் பொருந்தா. பேருந்து நேரத்துக்கு வராததால் ஒருவன் இதனைச் செய்வதில்லை. இது குற்றம். 2013-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம் பாலியல் துன்புறுத்தலைத் தனிக்குற்றமாக வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 75-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அச்சட்டத் திருத்தத்துக்குக் காரணமான 2012 டிசம்பர் 16 நிகழ்ச்சி, தில்லியில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றிலேயே நடந்தது. நகரப் பேருந்தாகப் பாவனை செய்து அவ்வண்டி பயணிகளை ஏற்ற முடிந்தது என்பதும், இரவு நேரத்தில் உரிய பேருந்துகள் குறைவாயிருந்தன என்பதும் அப்போது அதிகம் கவனிக்கப்படாத உண்மைகள்.

அதன்பின் பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடக் கருவியும் அபாய அறிவிப்புப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் எங்கே மணி ஒலிக்கிறது, யார் வருகிறார் என்பது நகரத்துக்கு நகரம் வேறுபடுகிறது. தில்லியில் பேருந்துகளில் பாதுகாவலர்கள் அமர்த்தப்பட்டனர். நிர்வாகக் காரணங்களால் அவர்கள் 2023-இன் இறுதியில் விலக்கப்பட்டனர். பெங்களூர் வண்டிகளில் முன்வாயில் பெண்களுக்கு, பின்வாயில் ஆண்களுக்கு என்ற பிரிவு நெடுநாளாக உண்டு. மாநிலங்கள் பல பெண்களுக்குக் கட்டணமற்ற பயணத்தை அளித்துள்ளன. தில்லியில் 2019 அக்டோபரிலும், தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் 2023 டிசம்பரிலும் இது தொடங்கியது. வேலைக்குச் செல்லும் ஏழைப் பெண்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் வண்டிகளைக் கூட்டாமல் பயணிகளை மட்டும் கூட்டிய தடங்களில் நெரிசல் மிகுந்தது. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் செல்கிறது என்ற புகார் ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களில் எழுந்து, ஓட்டுநர்கள்மீது நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. ‘இலவசமாக வருபவர்’ என்ற ஏளனச் சொல்லும் காதில் விழுகிறது. அப்பயணத்துக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது என்பதைப் பணியாளருக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கினால் இச்சொல் குறையக்கூடும்.

சிறு நடத்தைகள்

பிற நடத்தைகளுள் பெரும்பாலானவை நாளடைவில் பழக்கத்தால் அமைபவை. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஒதுக்கிய இருக்கையிலிருந்து எழுவது, முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடிப்பது, சன்னல் வழியே உமிழாதிருப்பது, இறங்குபவர் இறங்கும் வரை ஏறாதிருப்பது ஆகியன பள்ளிப் பருவத்தில் படிந்தால் நிலைக்கும். கைப்பேசியில் பிறர் கேட்க ஒலியெழுப்புவதைப் பெஸ்ட் நிறுவனம் 2023 ஏப்ரலில் தடைசெய்தது. சில்லறைத் தகராறு, பல நடத்துநர்–பயணி சண்டைகளுக்குத் தோற்றுவாய். 2019-இல் அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டையும் கைப்பேசிக் கட்டணமும் பரவிய நகரங்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. பல்லாண்டு அறிவுரையால் ஆகாததை ஓர் அட்டை செய்தது.

அலுவலகம், பள்ளி, கல்லூரி அனைத்தும் ஒரே அரை மணி நேரத்துக்குள் தொடங்குவது நெரிசலின் மற்றொரு வேர். காலை இரண்டு மணி நேரத்துக்கும் மாலை இரண்டு மணி நேரத்துக்கும் தேவைப்படும் வண்டிகள், நண்பகலில் பணிமனையில் நிற்கின்றன. 2024 நவம்பரில் காற்று மாசு கடுமையானபோது, தில்லியில் மாநகராட்சி அலுவலகங்கள் காலை 8.30 மணிக்கும், மைய அரசு அலுவலகங்கள் 9 மணிக்கும், தில்லி அரசு அலுவலகங்கள் 10 மணிக்கும் தொடங்குமாறு ஆணையிடப்பட்டது. புகைக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு பேருந்து நெரிசலுக்கும் ஏற்றதே. நிலையான முறையாக இதனைப் பின்பற்ற எந்தப் பெருநகரமும் இன்னும் துணியவில்லை.

மும்பையில், ஒருகாலத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்டிருந்த பெஸ்ட் பேருந்துகளின் எண்ணிக்கை 2025-இல் மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. ரயில் நிலையங்களுக்கு வெளியே வரிசைகள் இன்றும் உள்ளன. முன்னைவிட நீளமாகவும் உள்ளன. அவற்றின் கடைசியில் நிற்பவர்களுள் சிலர் சற்று நேரம் சாலையைப் பார்த்துவிட்டு, பங்கு ஆட்டோ நிற்கும் பக்கம் நடக்கின்றனர்.